குண்டு வெடித்த சத்தத்தைப் பதிவு செய்தது யார்?
போர் ஆவணத் தொடர்களில் நாம் பார்ப்பதும் கேட்பதும் எங்கிருந்து வருகின்றன: ஒரு விளக்கம்

"இரண்டாம் உலகப் போர், வண்ணத்தில்" என்கிற ரகத்தில் ஓடிடி தளங்களுக்குப் புதுத்தொடர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பீரங்கி அதிர்கிறது. டாங்கியின் சங்கிலிப்பட்டை சேற்றில் நறநறக்கிறது. கீழே பாயும் விமானம் ஊளையிடுகிறது. பார்த்து முடித்தவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் வரும். அந்தக் காலத்திலேயே கலர் ஃபிலிம் இருந்ததா? குண்டு விழுகிற இடத்தில் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றது யார்?

கலர் ஃபிலிம் இருந்தது. ஆனால் நீங்கள் பார்த்த நிறம் பெரும்பாலும் அதிலிருந்து வந்ததல்ல. மைக்கைப் பொறுத்தவரை, அநேகமாக யாருமே நிற்கவில்லை. இதை ஒழுங்காகப் புரிந்துகொள்ள அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

தொகுப்புப் படம்

பழைய போரைப் பற்றிய ஆவணத் தொடர் என்பது பெரும்பாலும் ஒரு தொகுப்புப் படம். அதாவது, வேறு யாரோ, வேறு காரணத்துக்காக, வேறு காலத்தில் எடுத்துவைத்த காட்சித்துண்டுகளைக் காப்பகங்களிலிருந்து வாங்கி, வெட்டி ஒட்டி, மேலே ஒரு குரலையும் இசையையும் ஏற்றுவது. நமக்கு இது புதிதல்ல. ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய படத்துக்காக நாடு நாடாக அலைந்து பழைய துண்டுகளைச் சேர்த்து 1940இல் வெளியிட்டாரே, அதுவும் இதே வேலைதான்.

துண்டுகளை எடுத்தவர்கள் மூன்று வகை: ராணுவத்தின் படப்பிடிப்புப் பிரிவினர், நியூஸ் ரீல் நிறுவனத்தார், கையில் சிறு கேமரா வைத்திருந்த தனிமனிதர்கள். முதல் வகைதான் மிக அதிகம். ஜெர்மனியில் 'பிரச்சாரக் கம்பெனி' என்றே பெயர் வைத்துப் படைகளோடு கேமராக்காரர்களை அனுப்பினார்கள். பிரிட்டன் 1941இல் ராணுவத்துக்கெனத் தனியாகத் திரைப்படப் பிரிவு ஒன்றை அமைத்தது. ஆக, நாம் பார்க்கும் காட்சியின் முதல் பார்வையாளர் தணிக்கை அதிகாரி. அவர் விட்டதுதான் திரைக்குப் போனது. அவர் நிறுத்திவைத்ததில் ஒரு பகுதி பிற்பாடு காப்பகத்தில் கிடைத்திருக்கிறது.

கேமராவால் என்ன முடிந்தது?

முதல் உலகப் போரின் கேமரா மூன்று கால் தாங்கியில் நிற்கும் மரப்பெட்டி. கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தலையைத் தூக்கினால் சுடுவான் என்கிற இடத்தில் இதை நிமிர்த்திவைத்துப் படமெடுப்பதை யோசித்துப் பாருங்கள். 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் பிரிட்டிஷ் படை தாக்குதல் தொடங்கியபோது, அதைப் படமெடுக்க அனுமதி பெற்று அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர்: ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மெக்டவல். அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் படையில் செத்தவர்கள் மட்டும் 19,240 பேர். கேமரா இரண்டு.

இரண்டாம் போரில் நிலைமை கொஞ்சம் தேறியது. அமெரிக்கர்கள் பரவலாகப் பயன்படுத்திய ஐமோ கேமரா கையில் தூக்கிக்கொள்ளக்கூடியது, சாவி கொடுத்தால் ஓடும். ஆனால் அதில் அடங்கும் சுருள் 100 அடி. நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓட்டினால் 67 விநாடியில் தீர்ந்துவிடும். நடுவில் சாவி வேறு கொடுக்க வேண்டும். போர்க்களக் காட்சிகள் சில விநாடித் துண்டுகளாகவே கிடைப்பதற்கு இது ஒரு காரணம். இரண்டு நிமிடத்துக்குத் தொடர்ச்சியாக ஓடும் ஒரு சண்டைக் காட்சியை நீங்கள் தொடரில் பார்த்தால், அது பல துண்டுகளை ஒட்டியது என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

சத்தம்

இந்தக் கேமராக்களில் ஒலி பதிவாகாது. ஒலி வேண்டுமானால் தனிக்கருவிகள், அவற்றைச் சுமக்க வண்டி, இயக்க ஆட்கள் எல்லாம் வேண்டும். தலைவர்களின் மேடைப் பேச்சுக்கு அது சரி. களத்தில் நடக்காது. முதல் போர்க் காட்சிகள் முழுக்கவே ஊமை. இரண்டாம் போரின் சண்டைக் காட்சிகளில் மிகப் பெரும்பகுதியும் ஊமைதான்.

தொடரில் கேட்பது படத்தொகுப்பு அறையில் சேர்த்த ஒலி. பூட்ஸ் காலடி, துப்பாக்கியின் போல்ட்டை இழுக்கும் 'க்ளிக்', தண்ணீர்க் குடுவை இடுப்பில் மோதுவது என்று திரையைப் பார்த்தபடியே ஒலிக்கூடத்தில் உண்டாக்குவதற்கு ஃபோலி என்று பெயர். மற்றவை ஒலி நூலகத்திலிருந்து வரும்.

இதை வீட்டிலிருந்தே சோதிக்கலாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே ஒன்று, இரண்டு என்று எண்ணாத பிள்ளைகள் நம்மூரில் குறைவு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வெடித்தால் சத்தம் வந்துசேர மூன்று விநாடி ஆகும். தொடரிலோ அடிவானத்தில் புகை கிளம்பும் அதே கணத்தில் 'டமார்' கேட்கும்.

இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஒலியே இல்லாமல் பத்து மணி நேரம் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனாலும் படத்துக்கு உள்ள சாட்சி மதிப்பு அந்த ஒலிக்குக் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வேகமும் நிறமும்

பழைய காட்சிகளில் ஆட்கள் சார்லி சாப்ளின் போலத் துருதுருவென்று நடப்பதற்குக் காரணம் எளியது. கையால் சுற்றியபோது நொடிக்குச் சுமார் 16 ஃபிரேம் பதிவானது, ஆளைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும். அதையே 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் நடை ஓட்டமாகிவிடும். இப்போது கணினி இடைப்பட்ட ஃபிரேம்களைத் தானே உண்டாக்கி இயல்பான வேகத்துக்குக் கொண்டுவருகிறது. கணக்குப் போட்டால் 24இல் குறைந்தது 8 ஃபிரேம், அதாவது மூன்றில் ஒரு பங்காவது, எந்தக் கேமராவும் பார்க்காதது.

நிறத்தில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

1. கலரிலேயே எடுத்தது. கோடாக்குரோம் ஃபிலிம் 1935இலேயே வந்துவிட்டது. பசிபிக் தீவுகளில் அமெரிக்க மரைன் படையின் கேமராக்காரர்கள் 16 மி.மீ. கலர் ஃபிலிமை நிறையப் பயன்படுத்தினார்கள். 1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜிமாவில் கொடி ஏற்றியதைப் பில் ஜெனஸ்ட் எடுத்தது கலரில்தான். சில நாட்களில் அதே தீவில் அவர் கொல்லப்பட்டார்.

2. பின்னால் நிறம் ஏற்றியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சாம்பல் நிறத்தின் அடர்த்திதான் இருக்கும், நிறத் தகவல் இருக்காது. போதாக்குறைக்கு, முதல் போர்க் காலத்தில் பரவலாக இருந்த ஃபிலிம் சிவப்பை உணராது. சிவப்பு நாடாவும் கறுப்பு நாடாவும் அதில் ஏறத்தாழ ஒன்றுபோல இருட்டாகத் தெரியும். நீல வானம் வெளுத்துப்போகும். ஆகவே சீருடை நிறத்தை அருங்காட்சியகத்தில் உள்ள துணியைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். வழியில் நிற்கும் பிரெஞ்சுப் பெண்ணின் பாவாடை என்ன நிறம்? அது வரைபவரின் ஊகம்.

இந்த வித்தையின் உச்சம் 2018இல் பீட்டர் ஜாக்சன் முதல் உலகப் போர் பற்றி எடுத்த படம். தொடரல்ல, தனிப் படம். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் காட்சிகளுக்கு வேகம் திருத்தி, நிறம் ஏற்றினார். உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை உட்காரவைத்து, ஊமைப் படத்தில் சிப்பாய்கள் என்ன பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்து, நடிகர்களைப் பேசவைத்தார். படம் முழுக்க ஓடும் பழைய வீரர்களின் குரல்கள் நிஜமானவை. பல, 1960களில் எடுத்த நேர்காணல்கள். அறுபது, எழுபது வயதுக்காரர்கள் தங்கள் இருபது வயதைப் பற்றிப் பேசியவை. ஆனால் திரையில் தெரியும் முகம் ஒருவர், கேட்கும் குரல் இன்னொருவர். இரண்டையும் மனம் தானாகவே ஒட்டிக்கொள்கிறது.

நிஜம் எது, நடித்தது எது?

காட்சிகளை ஒரே தட்டில் வைக்க முடியாது. நான்கு தரமாகப் பிரிக்கலாம்.

1. நடக்கும்போதே எடுத்தது. சோம் போரின் முதல் நாள் காலை 7.20க்கு, ஜெர்மானியர் வசமிருந்த ஹாதோர்ன் மேட்டின் அடியில் சுரங்கம் தோண்டி வைத்திருந்த சுமார் 18 டன் வெடிமருந்து வெடித்தது. மாலின்ஸ் எடுத்த அந்தக் காட்சி நூற்றுக்கு நூறு நிஜம். தரை கொப்புளம் போல எழும்பிப் பிளக்கிறது. மாலின்ஸும் மெக்டவலும் எடுத்தவற்றைச் சேர்த்து வெளியான சோம் படத்தில், காயம்பட்டவரை முதுகில் சுமந்தபடி பதுங்குகுழி வழியே நேரே கேமராவை நோக்கி வருகிறார் ஒருவர். சுமக்கப்பட்டவர் வந்துசேர்ந்த சற்று நேரத்தில் இறந்துவிட்டதாகப் படத்தின் எழுத்தட்டை சொல்கிறது.

2. நடந்து முடிந்தபின் அதே ஆட்களை வைத்து மீண்டும் எடுத்தது. 1942 நவம்பரில் ஸ்டாலின்கிராடைச் சுற்றி இரண்டு சோவியத் படைகள் வளைத்துவந்து கலாச் அருகே கைகோத்தன. வெண்பனியில் இரு பக்கமிருந்தும் வீரர்கள் ஓடிவந்து கட்டித்தழுவும் காட்சியை எந்தத் தொடரிலும் பார்க்கலாம். சந்திப்பு நடந்தது உண்மை. படம் எடுத்தது சில நாள் கழித்து, கேமராவுக்காக மறுபடி ஓடவைத்து.

3. களத்துக்கு வெளியே நடித்து எடுத்தது. இதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

4. வேறு இடத்துக் காட்சியை இந்த இடத்துக்கு ஒட்டியது. தொடர்களில் அதிகம் நடப்பது இதுதான், நாம் குறைவாகக் கவனிப்பதும் இதுதான். ஒரு குறிப்பிட்ட ஊர்ச் சண்டைக்குப் படமே இல்லையென்றால் எங்கோ ஓடும் டாங்கியைப் போட்டு நிரப்புவார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி இயந்திரங்களைப் பார்ப்பது. ஜெர்மனியின் டைகர் டாங்கி முதலில் களத்துக்கு வந்தது 1942 இரண்டாம் பாதியில். பாந்தர் 1943 ஜூலையில். 1941 ரஷ்யப் படையெடுப்பைச் சொல்லும் பகுதியில் இவற்றில் ஒன்று உருண்டுவந்தால், அது இரவல் காட்சி. இன்னொரு வழி, துப்பாக்கியின் போல்ட் கைப்பிடி. அது வலப்பக்கம் இருக்கும். ஒரு படைப்பிரிவே இடப்பக்கம் கைவைத்து இழுக்கிறது என்றால் படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். 'நம்மவர்' எப்போதும் இடமிருந்து வலமாகப் போனால் பார்வையாளருக்குக் குழப்பம் இருக்காது என்பதற்காகச் செய்கிற வேலை.

இனி மூன்றாம் வகை. சோம் படத்திலேயே மிகப் பிரபலமான காட்சி, சிப்பாய்கள் பதுங்குகுழியிலிருந்து மேலே ஏறிப் பாய்வது. ஏறும்போதே ஒருவர் சுடுபட்டுச் சரிவில் சறுக்கி விழுகிறார். 1916 ஆகஸ்டில் பிரிட்டன் தியேட்டர்களில் இதைப் பார்த்தவர்கள் பதறினார்கள். ஒன்றரை மாதத்துக்குள் இரண்டு கோடி டிக்கெட் விற்றதாகச் சொல்வார்கள்.

காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வேறு விஷயங்கள் தெரியும். முன்னணிப் பதுங்குகுழி இவ்வளவு ஆழம் குறைவாக இருக்காது. முதுகில் மூட்டை இல்லை. அன்று நிஜமாக ஏறியவர்கள் பெருஞ்சுமையோடு போனார்கள். எல்லாவற்றையும்விட, கேமரா நிற்கும் இடம். எதிரியின் குண்டுகள் பாயும் அந்த வெளியில் தாங்கியை நட்டு நிதானமாகச் சுற்றியவர் உயிரோடு திரும்பியிருக்க முடியாது. போர்முனைக்குப் பின்னால் இருந்த ஒரு பயிற்சிக் களத்தில் எடுத்தது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அப்படியென்றால் நிஜத் தாக்குதல் படத்தில் இல்லையா? இருக்கிறது. தூரத்தில், வெளிறிய மேட்டில், எறும்பு மாதிரிச் சில புள்ளிகள் நகர்கின்றன. சில புள்ளிகள் நின்றுவிடுகின்றன. அவ்வளவுதான். அதை யாரும் சுவரொட்டியில் போடவில்லை. இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்: நிஜச் சண்டைக் காட்சி பெரும்பாலும் தூரத்தில், தெளிவில்லாமல், கொஞ்சம் சலிப்பாக இருக்கும். சுடுகிறவரின் முகம் முன்னாலிருந்து பளிச்சென்று தெரிந்தால், கேமராவின் முதுகுப் பக்கம் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. 1943 நவம்பரில் தராவா தீவில் நார்மன் ஹாட்ச் எடுத்த ஒரு துண்டில், அமெரிக்க மரைன்களும் ஜப்பானியர்களும் ஒரே ஃபிரேமில் சில கணங்கள் தெரிகிறார்கள். இத்தனை பெரிய போரில் அப்படியொரு துண்டு கிடைத்ததே அதிசயம் என்பதால்தான் அது பேசப்படுகிறது.

இந்தத் தரப்பிரிப்பு பொழுதுபோகாதவர்களின் சர்ச்சையல்ல. 1964இல் பிபிசி, இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தோடு சேர்ந்து முதல் போர் பற்றி 26 பகுதிகள் கொண்ட தொடரை எடுத்தபோது, நடித்த காட்சியையும் நிஜக் காட்சியையும் பிரித்துச் சொல்லாமல் கலக்கிறார்கள் என்று சண்டைபிடித்தவர் அருங்காட்சியகத்தின் இயக்குநர் நோபிள் பிராங்க்லண்டேதான். பத்தாண்டு கழித்துத் தேம்ஸ் தொலைக்காட்சி இரண்டாம் போர் பற்றிய 26 பகுதித் தொடரை எடுத்தபோது, அவரையே வரலாற்று ஆலோசகராக அமர்த்திக்கொண்டது.

தொடருக்கும் தேதி உண்டு

அந்தத் தேம்ஸ் தொடர், 'தி வேர்ல்ட் அட் வார்', 1973 அக்டோபர் முதல் 1974 மே வரை ஒளிபரப்பானது. தயாரிப்பாளர் ஜெரமி ஐசக்ஸ். பின்னணிக் குரல் லாரன்ஸ் ஒலிவியே. இன்றும் இந்த வகையில் இதற்கு மிஞ்சியது இல்லை என்பேன். போரில் பங்கெடுத்தவர்கள் உயிரோடும் நினைவோடும் இருந்த காலத்தில் அவர்களைக் கேமரா முன் உட்காரவைத்தது அதன் பலம். அதே காலத்துக்குக் கட்டுப்பட்டது அதன் எல்லை. இரண்டு உதாரணங்கள் போதும்.

ஒன்று: ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதங்களைப் பிரிட்டன் உடைத்துப் படித்துவந்தது, நீர்மூழ்கிகளோடு நடந்த அட்லாண்டிக் போர் உட்படப் பலவற்றில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்த விஷயம் பொதுமக்களுக்கு விரிவாகத் தெரியவந்தது 1974இல், தொடர் முடிந்த பிறகு. ஆகவே தொடரில் அது இல்லை. இன்று அதைப் பார்க்கிறவருக்குச் சில வெற்றிகள் கொஞ்சம் அதிர்ஷ்டம் போலத் தோன்றினால் காரணம் இதுதான்.

இரண்டு: ஆல்பர்ட் ஷ்பேர். ஹிட்லரின் ஆயுத அமைச்சர். 20 ஆண்டு சிறைவாசம் முடிந்து 1966இல் வெளியே வந்தவர். தொடரில் நன்றாக உடுத்திய, மென்மையாகப் பேசுகிற, படித்த பெரியவராகத் தெரிகிறார். யூதர்களைக் கொன்றொழிக்கும் திட்டம் தனக்குத் தெரியாது என்பதே அவர் வெளியே சொல்லிவந்தது. 1943 அக்டோபர் 6 அன்று போசன் நகரில் நாஜி எஸ்.எஸ். படையின் தலைவர் ஹிம்லர் அதை வெளிப்படையாகப் பேசிய கூட்டத்தில் தான் இல்லை என்றும் சாதித்தார். 2007இல் அவரது கடிதம் ஒன்று வெளிவந்தது. அந்தப் பேச்சின்போது தான் அங்கே இருந்ததை அதில் ஒப்புக்கொண்டிருந்தார். கடிதம் எழுதிய ஆண்டு 1971. அதாவது தொடர் ஒளிபரப்பாவதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஒருவருக்குத் தனிப்பட்ட முறையில் எழுதிவிட்டார், உலகத்துக்கு மட்டும் வேறு கதை. நேரில் பார்த்தவர் சாட்சி என்பது சரி. சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும், அதைத் தொடர் செய்யாது.

கேமரா போகாத இடம்

எல்லாக் கோளாறுகளிலும் பெரியது இது. படம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தொடர் போகும். வெல்லும் படையோடு கேமராக்காரர்கள் உற்சாகமாகப் போவார்கள், பின்வாங்கும்போது ஃபிலிம் குறைந்துவிடும். பஞ்சம், அடிமைவேலை, நோய் இவற்றுக்கெல்லாம் யாரும் கேமரா அனுப்பவில்லை.

நமக்கு நெருக்கமான உதாரணம் சயாம் மரண ரயில்பாதை. தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட்வரை 415 கிலோமீட்டர். 1942-43இல் ஜப்பானியர்கள் காட்டை வெட்டிப் போட்டது. போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், அவர்களில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியக் கூலிகள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அவர்களில் பெரும்பங்கு. காலராவிலும் பட்டினியிலும் செத்த கூலிகளின் எண்ணிக்கை 90,000 வரை போகலாம் என்கிறார்கள். துல்லியமாகச் சொல்ல முடியாததற்குக் காரணம், அவர்களுக்குப் பேரேடு எழுத யாரும் இல்லை.

கைதிகளில் படித்தவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், ஓவியர்கள் இருந்தார்கள். ரொனால்ட் சேர்ல் என்ற பிரிட்டிஷ் கைதி உயிரைப் பணயம் வைத்து வரைந்து ஒளித்துவைத்த கோட்டோவியங்கள் இன்று இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தொடர் எடுப்பவர் போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, கேமராவை நகர்த்திக்கொண்டே போக வாகாக. தோட்டக் கூலியின் கதை மலேசியாவில் பேரப்பிள்ளைகளின் வாய்மொழியில் இருக்கிறது. அதற்குப் படமும் இல்லை, காப்பக எண்ணும் இல்லை. ஒரு மணி நேரப் பகுதியில் அவர்களுக்கு ஒரு வாக்கியம் கிடைத்தால் அதிகம்.

படம் இல்லாத இடத்தைக் கற்பனைப் படம் வந்து நிரப்பிவிடும். அந்த ரயில்பாதை என்றவுடன் பலருக்கு நினைவில் வருவது 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' என்ற ஆங்கிலப் படத்தின் மரப்பாலம். படத்துக்காக அந்தப் பாலத்தைக் கட்டியதும் தகர்த்ததும் இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல். தாய்லாந்தில் இன்று நிற்பது இரும்புப் பாலம். அதன் கீழே ஓடியது மே குளோங் ஆறு. படத்தைப் பார்த்துவிட்டு வந்த சுற்றுலாக்காரர்கள் க்வாய் ஆறு எங்கே, க்வாய் ஆறு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், 1960 வாக்கில் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் க்வே யாய் என்று பெயரையே மாற்றிவிட்டார்கள்.